குளிர்காலத்தில் கொடைக்கானல்: முதல் முறை செல்வோருக்கான வார இறுதித் திட்டம்

கொடைக்கானலுக்கு முதல் முறையாகப் போகிறவர்கள் வழக்கமாக இடங்களின் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தூண் பாறை, குணா குகை, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, பேரிஜம், பூம்பாறை, மன்னவனூர் என்று பட்டியல் நீண்டு, இரண்டு நாளில் எல்லாவற்றையும் எப்படிப் பார்த்து முடிப்பது என்பதே திட்டமாகிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் இந்த முறை சரிப்படாது. அந்த நாட்களில் காலை ஆறரை மணிக்குப் பிறகே சூரியன் எழுகிறது. மாலை ஆறே கால் வாக்கில் மறைந்துவிடுகிறது. பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மேகம் காட்சிமுனைகளை மூடிவிடுவதுண்டு. இருட்டிய பின் குளிர் வெளியே நிற்க விடாது. ஆகவே ஒரு நாளில் உருப்படியாகக் கையில் இருப்பது காலை ஏழு மணி முதல் பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணி வரையிலான பொழுது மட்டுமே. அந்தப் பொழுதை முதலில் கணக்கிட்டுக்கொண்டு, அதற்குள் அடங்குகிற இடங்களைப் பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்தக் கணக்கை ஒட்டியவை.

எந்த வார இறுதியில் போவது

நாட்காட்டியில் நவம்பரும் குளிர்காலம், ஜனவரியும் குளிர்காலம். மலையில் இவை இரண்டும் வேறு வேறு. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீள்வதால் நவம்பரும் டிசம்பரின் முற்பகுதியும் மழையும் மூடுபனியும் சேர்ந்த காலம். மலைச்சாலையில் மரம் விழுவதும் மண் சரிவதும் அப்போது நடக்கும். இரண்டு நாளும் அறைக்குள்ளேயே கழிய நேரலாம். மழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகே இரவுக் குளிர் கடுமையாகிறது. புல்வெளிகளில் உறைபனி படர்வதும் டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரையிலான தெளிந்த இரவுகளில்தான்.

அந்த இடைவெளியிலும் தவிர்க்க வேண்டிய நாட்கள் உண்டு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும், பொங்கல் விடுமுறையிலும் ஏரிச்சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும்; அறை வாடகையும் வழக்கத்தைவிடப் பெரிதும் உயர்ந்திருக்கும். குடியரசு நாள் வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் அந்த வாரமும் அப்படியே. வெளியூர்க்காரர்கள் பலர் யோசிக்காத இன்னொன்று தைப்பூசம். மதுரை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கங்களிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் பக்தர்கள் சில நாட்களுக்கு முன்பிருந்தே சாலையோரம் நிறைந்து நடப்பார்கள்; பழனி வழியாகக் கொடைக்கானல் ஏற நினைப்பவர்களுக்கு அந்த வாரம் ஏற்றதல்ல. இவற்றை எல்லாம் கழித்தால், பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு பிப்ரவரி நடுப்பகுதி வரை மூன்று, நான்கு நல்ல வார இறுதிகள் எஞ்சும். முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது அவற்றில் ஒன்றையே.

ஞாயிறுக்குப் பிறகு திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால், அந்த ஒரு நாள் மற்ற இரண்டு நாட்களையும் நிம்மதியாக்கும். சென்னையிலிருந்து கொடைக்கானல் 500 கிலோமீட்டருக்கு மேல். இரண்டே நாள் விடுமுறையில் சொந்தக் காரில் போய்வருவது பெரும்பகுதி நேரத்தைச் சாலையிலேயே கழிப்பதாகும். மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான்.

எப்படிப் போவது, எதைப் பதிவு செய்வது

தொலைவிலிருந்து வருபவர்களுக்கு இரவு ரயிலே நல்லது. சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் கொடைரோடு நிலையத்தில் நின்று செல்கிறது. அங்கிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கொடைரோட்டில் ரயில் விடியுமுன் வந்துவிடும் என்பதால் அங்கேயே ஒரு காபி குடித்துவிட்டு, பொழுது புலரும் நேரத்தில் வாடகைக் காரிலோ, வத்தலக்குண்டு சென்று அங்கிருந்து பேருந்திலோ ஏறலாம். திண்டுக்கல் சந்திப்பில் இறங்கினால் ரயில்களும் அதிகம், கொடைக்கானல் பேருந்துகளும் அதிகம். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. வெள்ளி இரவுச் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் தேதியை முடிவு செய்தவுடன் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். போகும் சீட்டோடு ஞாயிறு இரவு திரும்பும் சீட்டையும் எடுத்துவிடுங்கள். திரும்பும் ரயில் உறுதியாக இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமையின் கணக்கு நிற்கும்.

காரிலோ இரு சக்கர வண்டியிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் வண்டி எண், வருபவர்களின் எண்ணிக்கை, தங்கும் நாட்கள், தங்குமிடம் ஆகியவற்றைப் பதிந்தால் கட்டணமின்றிக் கிடைத்துவிடும். அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு இது தேவையில்லை. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் கைபேசிச் சமிக்ஞைக்காகத் தவித்துக்கொண்டு நிற்காமல், வீட்டிலிருந்தே பாஸை எடுத்து அதன் படத்தைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். விதிகள் நீதிமன்ற உத்தரவுகளை ஒட்டி மாறக்கூடியவை என்பதால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. கூட்டமாகப் பெரிய பேருந்து அமர்த்திச் செல்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: 12 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள பேருந்துகள் மலைச்சாலையில் ஏறுவதற்கு மாவட்ட நிர்வாகம் 2024 இறுதியில் தடை விதித்தது.

தங்குமிடம்

முதல் முறை செல்பவர்கள் ஏரியிலிருந்தோ பேருந்து நிலையத்திலிருந்தோ நடந்து போகும் தொலைவில் தங்குவதே நலம். வில்பட்டி, அட்டுவம்பட்டி, பள்ளங்கி, வட்டக்கானல் பக்கங்களில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அழகான விடுதிகள் இருக்கின்றன. ஆனால் இரவு உணவுக்காகவோ மருந்துக்காகவோ மூடுபனியில், முன்பின் தெரியாத குறுகிய தார்ச்சாலையில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது பயணத்தில் அங்கே தங்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி ஒன்றும் கொடைக்கானலில் உண்டு. எந்த விடுதியானாலும் அனுமதி பெற்றதுதானா என்று பாருங்கள். தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் கூடாரம் போட்டுத் தருகிறோம் என்று அழைப்பவர்களை நம்பிப் போகாதீர்கள்.

பதிவு செய்யுமுன் தொலைபேசியில் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். வெந்நீர் நாள் முழுவதும் வருமா, காலையில் சில மணி நேரம் மட்டுமா? கூடுதல் கம்பளி கொடுப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? மின்சார ஹீட்டர் தருவார்களா? அறை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது? கிழக்குப் பார்த்த அறையில் காலை வெயில் நுழையும் என்பது குளிர்காலத்தில் சிறு விஷயமல்ல. ஏரியை ஒட்டிய அறைதான் சிறந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் காற்று அசையாத இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கித் தாழ்ந்த இடங்களில் தேங்குவதால், ஏரிக்கரையைவிடச் சற்று மேலே சரிவில் இருக்கும் அறை இதமாக இருக்கும்.

வாடகை வண்டியில் வருபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது, ஓட்டுநர் தங்க இடம் உண்டா என்பது. சமவெளியிலிருந்து ஒரு சட்டையோடு வந்த ஓட்டுநரை ஜனவரி இரவில் காருக்குள்ளேயே தூங்கவிடுவது மனிதத்தன்மையற்றது, ஆபத்தும்கூட. குளிர் தாங்காமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறவரை வண்டிப் புகையே கொன்றுவிடக்கூடும். மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் உங்களை இறக்கிச் செல்லப்போகிறவர் அவர். அவர் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தனி அறை இல்லாவிட்டால் பக்கத்து விடுதியில் ஒரு படுக்கைக்கான செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்துச் செல்வது

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். வத்தலக்குண்டுக்கும் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கும் இடையே, இரண்டு மணி நேரப் பயணத்தில், 11 டிகிரி அளவுக்கு வேறுபாடு ஏற்படுவது அதனால்தான். ஜனவரியில் பகலில் வெயிலில் நிற்கும்போது ஸ்வெட்டர்கூட வேண்டாம்போல் இருக்கும். நிழலுக்கு வந்தவுடன் உடல் சிலிர்க்கும். இரவில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். தாழ்ந்த புல்வெளிகளில் விடியும் நேரத்தில் உறைநிலையைத் தொடும்.

ஒரே நாளில் இத்தனை மாற்றம் என்பதால், ஒரு பெரிய கோட்டை நம்புவதைவிட, கழற்றவும் போடவும் முடிகிற இரண்டு மூன்று அடுக்குகளே உதவும். உடலை ஒட்டிய உள்ளாடை ஒன்று, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்று புகாத ஜாக்கெட். பெரியவர்களும் குழந்தைகளும் காதை மூடும் குல்லாவும் காலுறையும் இல்லாமல் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. பனி ஈரத்தில் கல்லும் புல்லும் வழுக்கும். செருப்பைத் தவிர்த்து, அடிப்பகுதி தேயாத ஷூ அணியுங்கள். இவ்வளவு குளிரில் வெயில் சுடாது என்று எண்ணிவிடவும் கூடாது. உயரத்தில் புற ஊதாக் கதிர் கூடுதல் என்பதால் முகம் கறுத்து, உதடு வெடித்துவிடும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாயுள்ள புட்டியில் எடுத்துப் போனால் இரண்டு நாளும் ஒரு சொட்டு வராது, வாய் அகன்ற டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். குளிரில் கைபேசியின் மின்கலம் சீக்கிரம் இறங்கும். வெந்நீருக்கு ஒரு ஃப்ளாஸ்க்கும், குடிநீருக்கு எஃகுக் குப்பியும் வேண்டும்; 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு, பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூலிக்கிறார்கள். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களில் சமிக்ஞை விட்டுவிட்டு வரும் என்பதால் ரொக்கமும் கொஞ்சம் இருக்கட்டும். வளைவுகளில் குமட்டல் வருபவர்கள் அதற்கான மாத்திரையை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. இந்த உயரத்தில் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுத் திணறல் வருவதில்லை. எனினும் ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, வழக்கமான மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையேறும் காலை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: இருட்டில் மலை ஏறாதீர்கள். வெள்ளி மாலை அலுவலகம் முடித்து, இரவெல்லாம் ஓட்டி, அதிகாலை மூன்று மணிக்கு மலையடிவாரம் வந்து, அப்படியே ஏறிவிடுவதுதான் பலரின் வழக்கம். தூக்கக் கலக்கம், மூடுபனி, சாலையில் நிற்கும் காட்டெருமை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் நேரம் அது. இவ்வளவு சிரமப்பட்டு ஏறினாலும் விடுதியில் அறை பகலில்தான் கிடைக்கும். திண்டுக்கல்லிலோ வத்தலக்குண்டிலோ சில மணி நேரம் தூங்கி, ஆறரை மணிக்கு மேல் ஏறத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் ஊரை அடைந்துவிடலாம்.

எரிபொருளும் டயர் காற்றும் வத்தலக்குண்டிலேயே பார்த்துவிடுங்கள். காட்ரோட்டிலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. பழனியிலிருந்து வரும் சாலை இதைவிடக் குறுகலானது, செங்குத்தானது. மலைச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தாலும் வத்தலக்குண்டைச் சுற்றி வருவதில் தவறில்லை. இரண்டு சாலைகளும் பெருமாள்மலையில் சேர்கின்றன. ஏறும் வண்டிக்கே முதலில் வழி என்பது மலைச்சாலையின் விதி. இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். வளைவுக்கு முன்னால் ஒலி எழுப்புங்கள். பேருந்து திரும்பும்போது அதன் பக்கத்தில் நுழையாதீர்கள். மூடுபனி வந்தால் விளக்கைத் தாழ்ந்த ஒளியில் வையுங்கள், உயர் ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும். கண்ணாடி உள்பக்கம் மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவதைவிட, ஏசி காற்றைக் கண்ணாடியின் மேல் திருப்பிவிட்டால் நொடியில் தெளியும்.

வழியில் டம்டம் பாறையில் நிறுத்தலாம். அங்கிருந்து எதிர்மலையில் எலிவால் அருவி தெரியும். 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே கோடாக விழும் அந்த அருவி, மழை முடிந்த ஜனவரியில் இன்னும் நீரோடு இருக்கும். கீழே மஞ்சளாறு அணையும் தெரியும். ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் இருக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். ஏறும்போது அதை விட்டுவிடுங்கள். கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வரும் நீரே அங்கு விழுகிறது. ஏரியைப் பார்த்த பிறகு, இறங்கும்போது நின்றால் போதும். இந்தச் சாலை போடப்படுவதற்கு முன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும் டோலியிலும் குதிரையிலும்தான் இந்த ஊருக்கு ஏறியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை: ஏரி மட்டும்

வந்து சேர்ந்த நாளில் ஏரியைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். பயண அலுப்போடு காட்சிமுனைகளுக்கு ஓடினால், அங்கே சேரும்போது நண்பகல் தாண்டியிருக்கும். மேகத்தைத் தவிர எதுவும் தெரியாமல் போகலாம். ஏரிக்கு அந்தக் கவலை இல்லை. மூடுபனி இறங்கினாலும் ஏரி பார்க்கத் தக்கதாகவே இருக்கும்.

1863இல் அப்போது மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் சதுப்பு நிலத்தில் ஓடிய நீரைக் கரை கட்டித் தேக்கி உருவாக்கியது இந்த ஏரி. ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில், பல கைகளாகப் பிரிந்து நட்சத்திர வடிவில் கிடக்கிறது. அதனாலேயே எந்த இடத்தில் நின்றாலும் முழு ஏரியும் தெரிவதில்லை. சுற்றி வந்தால்தான் பார்த்ததாகும். சுற்றுச்சாலை ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும். நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். வாடகை சைக்கிளில் அரை மணி நேரம். குதிரைச் சவாரியும் உண்டு. தொலைவையும் தொகையையும் ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும். படகுச் சவாரிக்கு வெயில் நன்றாக இருக்கும் முற்பகலோ நண்பகலோ ஏற்றது. குளிர்காலத்தில் மாலையில் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள், காற்றும் கடிக்கும். மிதிபடகைவிடத் துடுப்புப் படகு அமைதியானது. ஓட்டுகிறவரிடம் ஊர்க் கதையும் கேட்கலாம்.

பிரையண்ட் பூங்கா ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியிருப்பதால் அதே நடையில் பார்த்துவிடலாம். மே மாத மலர்க் கண்காட்சியின் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஜனவரியில் பூங்கா ஏமாற்றம் தரக்கூடும். நான்கு மணிக்கு மேல் சூடான மிளகாய் பஜ்ஜி, சோளக்கதிர், பிரெட் ஆம்லெட் என்று ஏரிக்கரைக் கடைகள் களைகட்டும். ஊருக்குள் திபெத்திய உணவகங்களில் கிடைக்கும் துக்பா என்ற நூடுல்ஸ் சூப் இந்தக் குளிருக்காகவே செய்தது போலிருக்கும். இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், கடைகள் காத்திருக்காது.

இரவில் இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது கரி அடுப்பு. கோழியைச் சுடுவதற்காகக் கரி மூட்டிக் கொடுக்கும் விடுதிகள் பல உண்டு. சமைத்து முடித்த பின், கனல் வீணாகிறதே என்று அந்த அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். புகை அடங்கிய கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவரை எழவிடாமலே கொன்றுவிடும். இந்த மலையிலேயே இளைஞர்கள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். கரி அடுப்பு வாசலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அணைந்துவிட்டது என்று தோன்றினாலும் உள்ளே வரக் கூடாது. குளிர் தாங்கவில்லை என்றால் கூடுதல் கம்பளி கேளுங்கள், வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காட்டெருமை. ஊருக்குள்ளேயே, ஏரிச்சாலையிலும் விடுதித் தோட்டங்களிலும் இவை மேய வருகின்றன. பகலில் பசுபோல் நின்றாலும் மிரண்டால் ஒரு காரையே புரட்டக்கூடிய உடல். படம் எடுக்க நெருங்காதீர்கள், ஒளி பாய்ச்சாதீர்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். இருட்டிய பின் கைவிளக்கில்லாமல் நடப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: காலையே முதன்மை

உறைபனியைப் பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கு எழ வேண்டும். முந்தைய இரவு மேகமில்லாமல், காற்றில்லாமல் இருந்தால் நிலத்தின் வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி ஏரியை ஒட்டிய பள்ளமான புல்வெளிகளில் தேங்குகிறது. அங்கே புல்லின் மேல் வெண்பொடி படர்கிறது. வெயில் பட்ட சிறிது நேரத்தில் கரைந்துவிடும். இரவு மேகமாக இருந்தால் உறைபனி இராது. அன்று நிம்மதியாகத் தூங்கலாம். பனி படர்ந்த புல்லின் மேல் மிதித்து நடக்க வேண்டாம், மிதித்த இடம் கருகிவிடும். உங்களுக்குக் காட்சியாக இருக்கும் இதே உறைபனி, கேரட்டும் உருளையும் பயிரிட்டவர்களுக்கு இழப்பு என்பதையும் மனத்தில் கொள்ளலாம்.

காலை உணவுக்குப் பிறகு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது. முதல் வழி வனத்துறைச் சுற்று: மோயர் பாயிண்ட், பைன் மரக்காடு, குணா குகை, தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு ஆகிய ஐந்தும் ஒரே சுற்றுச்சாலையில் இருக்கின்றன. எல்லோரும் மோயர் பாயிண்டிலிருந்து ஒவ்வொன்றாக நின்று நின்று போவதால், தூண் பாறைக்கு வரும்போது பதினொன்றரை ஆகி, சுமார் 120 மீட்டர் உயரமுள்ள அந்த மூன்று பாறைகளும் மேகத்துக்குள் போயிருக்கும். நீங்கள் நுழைவாயில் திறக்கும் நேரத்தில் நேராகத் தூண் பாறைக்குப் போய்விட்டு, அடுத்து வைகை அணை தெரியும் பசுமைப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, மரங்களுக்கிடையே இருப்பதால் மேகம் வந்தாலும் கெடாத பைன் காட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நாட்களில் காவலர்கள் ஒருவழிப் பாதையாக்கினால் மட்டும் அவர்கள் சொல்லும் வழியே போக வேண்டும். குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பறிக்கும். வேலியைத் தாண்டிப் படம் எடுப்பதற்கு எந்தக் காட்சிமுனையிலும் இடம் கொடாதீர்கள்.

இரண்டாவது வழி மேல்மலை. 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் பூம்பாறை, அடுக்கடுக்கான வயல்களும் குழந்தை வேலப்பர் கோயிலும் கொண்ட பழைய ஊர். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை விளைவித்தவர்களிடமே வாங்கலாம். இன்னும் 15 கிலோமீட்டர் போனால் மன்னவனூரில் புல்வெளி சூழ்ந்த ஏரியும் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையும் இருக்கின்றன. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இதுவே நல்ல காலை என்பது என் எண்ணம். தூண் பாறையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளையே விடுவார்கள். முதல் வார இறுதியில் அதற்காக அலைய வேண்டாம்.

குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போகிறவர்கள் குறிஞ்சிப் பூவை எதிர்பார்க்க வேண்டாம். 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது, கடைசியாக 2018இல் பூத்தது. ஆனால் தெளிந்த காலையில் அங்கிருந்து பழனி தெரியும். ஜனவரி வானத்தின் தெளிவுக்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே சான்று உண்டு: 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை முதன்முதலில் கண்டறிந்தது 1909 ஜனவரியில்தான்.

இறங்கும் நேரம்

பிற்பகல் ஒன்றரை மணிக்குள் சாப்பிட்டு முடித்து, இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மூன்று, நான்கு மணிக்கு எல்லோரும் ஒன்றாக இறங்குவதால் பெருமாள்மலை வரை வண்டிகள் வரிசைகட்டும். சாக்லேட்டும் மலைப்பூண்டும் மலைவாழையும் வாங்குவதைக் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளாமல் முந்தைய மாலையே முடித்துக்கொண்டால் நேரம் மிஞ்சும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விடுவதும், பிரேக்கை மிதித்தபடியே இறங்குவதும் பிரேக்கைச் சூடாக்கிப் பிடிப்பிழக்கச் செய்யும். தானியங்கி கியர் வண்டியில் தாழ்ந்த கியருக்கான எல் நிலையையோ கைமுறை நிலையையோ பயன்படுத்த வேண்டும். இது எப்படி என்பதை வீட்டைவிட்டுக் கிளம்புமுன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இப்படி இறங்கினால் ஐந்து மணிக்குள் வத்தலக்குண்டு. ரயிலில் திரும்புபவர்களுக்குக் கொடைரோடோ திண்டுக்கல்லோ போய் இரவு உணவு முடிக்கப் போதிய நேரம் இருக்கும். சென்னைக்குக் காரில் திரும்புபவர்கள் ஓட்டுவதற்கு இரண்டு பேர் இல்லையென்றால் திருச்சியில் இரவு தங்கிவிட்டுத் திங்கள் அதிகாலையில் கிளம்பும்படி விடுப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும்.